செம்மண்ணில் இரும்புப் பசி

மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே இரும்பைக்குப் போயிருக்கிறீர்களா? மண் செக்கச்செவேல் என்றிருக்கும். இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது. அத்தகைய மண்ணில், வீட்டுச் சுவரோரம் வைத்த வெட்சிச் செடியின் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான் காரணம். வேடிக்கையாக இல்லையா?

இரும்பு மண்ணில் இருந்தால் மட்டும் போதாது. கரைந்தால்தான் வேர் உறிஞ்சும். சுவரின் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது. கார மண்ணில் இரும்பு கரைவது மிகக் குறைவு.

ஊட்டியில் நீங்கள் பார்க்கும் ஹைட்ரேஞ்சியாவின் கதையும் இதைப் போன்றதே. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் போனால் பூ நீலம், இல்லையேல் இளஞ்சிவப்பு. கூம்புக் கொத்தாகப் பூக்கும் அதன் உறவுச் செடி மட்டும் நீலமாவதில்லை. அது குளிர்நாட்டுச் செடி. நம் கடற்கரை வெயிலில் அதற்குச் செலவழிப்பது வீண்.

வெட்சியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நடுங்கள். குழியில் மக்கிய இலையுரம் இடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம், அதுவும் காரம்தான். மஞ்சளான செடிக்கு, லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். தளிர் பச்சை பிடிக்கும். ஆனால் மண் மாறாவிட்டால் மஞ்சள் திரும்பி வரும்.