இரவு லொறியும் 'ஐஸ்' பாவனையும்

யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மீனும் ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி, விடியுமுன் கொழும்புச் சந்தையை அடைய வேண்டும். பின்னர் வேறு சாமான் ஏற்றித் திரும்ப வேண்டும். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சாரதிக்கு நித்திரை கொள்ளும் நேரம் நட்டமாகவே தெரிகிறது. 'இதைப் பாவித்தால் நித்திரை வராது' என்ற பேச்சோடு 'ஐஸ்' எனும் போதைப்பொருள் கைக்கு வருவது இங்கேதான்.

ஐஸ் களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. சாரதிக்குத் துணிச்சல் கூடுகிறது, நிதானம் குறைகிறது. போதை தணியும்போது அடக்கிவைத்த நித்திரை ஒரேயடியாக அமுக்குகிறது. அந்நேரத்தில் அவரது உயிர் மட்டுமல்ல, வீதியில் செல்லும் எவரது உயிரும் ஆபத்திலேயே இருக்கிறது.

மது அருந்தியோ போதைப்பொருள் பாவித்தோ வாகனம் செலுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆனால் பொலிஸார் வீதியில் ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே காட்டும். ஐஸ் பாவித்தவர் ஊதினால் அதில் ஒன்றும் தெரியாது. சந்தேகம் ஏற்பட்டால் அவரை அரசாங்க வைத்தியரிடம் கொண்டுசென்று பரிசோதிக்க வேண்டும். மதுவைப்போல் மணம் வீசாததால் அந்தச் சந்தேகமே பல வேளைகளில் எழுவதில்லை.

குற்றம் நிரூபணமானால் தண்டப்பணம் அல்லது சிறைத்தண்டனை கிடைக்கலாம், சாரதி அனுமதிப்பத்திரமும் பறிபோகலாம். பொருளுடன் பிடிபட்டால் அது வேறு வழக்கு. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படலாம். யாரோ தந்த பொதியை லொறியில் ஏற்றிச் செல்லச் சம்மதிப்பவரும் இதில் அகப்படலாம்.

சகோதரிகளே, போரில் உழைப்பாளியை இழந்த எத்தனையோ வீடுகளில் இன்று மகனோ மருமகனோ லொறி ஓட்டித்தான் அடுப்பெரிகிறது. ஊதும் கருவிக்குத் தெரியாதது வீட்டிலிருப்பவர் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் நித்திரையின்மை, பின் எழுப்ப முடியாத தூக்கம், சாப்பாட்டில் வெறுப்பு, உடல் மெலிவு, காரணமில்லாத சந்தேகமும் கோபமும், கூலி வீடு வந்து சேராமை ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மானம் போய்விடும் என்று மூடிவைக்காதீர்கள். கோபமாக இருக்கும்போது கேட்காமல், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்குவமாகக் கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அவர் கைநீட்டத் தொடங்கினால் பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குச் சென்று, பெண்களுக்கான 1938 இலக்கத்தை அழையுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதியைத் தரும்படி முதலாளியிடம் கேட்க அவருக்குத் தைரியம் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், வழியில் லொறியை நிறுத்தி நித்திரை கொண்டுவிட்டுப் பிந்தி வரச் சொல்லுங்கள். ஒருநாள் கூலி குறைந்தாலும் ஆள் வீடு வந்து சேரட்டும்.