பந்தியில் இடம் மட்டும் போதுமா? உடனுண்ணலும் உண்மையான இணக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் பொது விருந்து நடைபெறுகிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் பொதுமக்களோடு ஒரே பந்தியில் அமர்கின்றனர். மறுநாள், தனிக்குவளையும் தனிச் சுடுகாடும் உள்ள ஊர்களில் அவை அப்படியே தொடர்கின்றன. பகைத்தவரோடு சேர்ந்து உண்பது உள்ளங்களை இணைக்கும் என்பது பல சமயங்கள் போற்றும் அறம். அவ்வறத்தை நாம் மறுக்கவில்லை. அது எப்போது இணக்கமாகிறது, எப்போது வெறும் சடங்காகிறது என்பதே நம் கேள்வி.

சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் முதன்மையான இடங்களுள் ஒன்று உணவு. யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற விதியில்தான் தீட்டு உயிர்வாழ்கிறது. தேசியக் கல்விக்கெனக் காங்கிரஸ் நிதியுதவியோடு நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது, 1924–25இல் பெரும் போராட்டமாக வெடித்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் இடமாற்றம் செய்தது, பாதிக்கப்பட்ட அப்பெண்ணைத்தான். போராட்டம் எழுந்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

இவற்றுக்கு மாறான சான்று கேரளத்தில் உண்டு. 1917 மே 29 அன்று செராய் என்னும் ஊரில், ஈழவச் சமூகத்தில் பிறந்த சகோதரன் அய்யப்பன் 'மிஸ்ரபோஜனம்' நடத்தினார். புலையர் சமூகத்துச் சிறுவர்களோடு ஈழவர்கள் அமர்ந்து உண்டனர். ஈழவர்களும் தீண்டாமைக்கு ஆளானவர்களே; ஆயினும் தமக்குக் கீழே வைக்கப்பட்டவர்களை அவர்களும் ஒதுக்கியே வந்தனர். விருந்தில் கலந்துகொண்டவர்களைச் சொந்தச் சாதியினரே விலக்கிவைத்தனர். 'புலையன் அய்யப்பன்' என்று இகழப்பட்டபோது, அப்பெயரை அவர் பெருமையாகவே ஏற்றார். நாராயண குரு அவர் பக்கம் நின்றார். அந்த விருந்துக்குப் பொருள் தந்தது அதில் பரிமாறப்பட்ட சோறு அன்று. உண்டவர்கள் கொடுத்த விலையே.

எனினும் உடனுண்ணலின் எல்லையை அண்ணல் அம்பேத்கர் தெளிவாக உணர்ந்திருந்தார். லாகூர் மாநாட்டுக்கென எழுதப்பட்டு, நிகழ்த்தப்படாமலேயே 1936இல் நூலாக வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில், சேர்ந்து உண்ணும் வழக்கமுள்ள சாதிகளிடத்தும் சாதியுணர்வு அழியவில்லை என்று சுட்டிக்காட்டினார். கலப்பு மணமே மெய்யான மருந்து. அதற்கும் சாத்திரங்களின் புனிதத்தின் மீதுள்ள நம்பிக்கை தகர வேண்டும் என்றார். தடை வயிற்றில் இல்லை, வழிபடும் நூலில் இருக்கிறது என்பதே அவ்வாதத்தின் சாரம். அவ்வகையில் உடனுண்ணல் ஆன்மிகச் சிக்கலும்கூட.

ஆகவே, எந்தப் பந்திக்கு அழைக்கப்பட்டாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, சமைத்தவர் யார்? தலித் குடியிருப்புக்கு வந்து, வெளியிலிருந்து வரவழைத்த உணவை உண்டுவிட்டுப் படமெடுத்துச் செல்லும் தலைவர் தீட்டை உடைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். இரண்டாவது, இழப்பது யார்? வழக்கைத் திரும்பப் பெற்றால் விருந்து என்று சொல்லப்படும் 'சமாதானக் கூட்டம்' நீதியை விலையாகக் கேட்கிறது. மூன்றாவது, இலை எடுத்த பிறகு என்ன? குளத்திலும் கோயிலிலும் சுடுகாட்டிலும் திருமணத்திலும் அதே சமத்துவம் தொடருமா?

இக்கேள்விகள் பகையை வளர்ப்பதற்கானவை அல்ல. அம்பேத்கர் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் புத்தரிடமிருந்து பெற்றதாகச் சொன்னார். அவர் போற்றிய மைத்திரி, தவறிழைத்தவரையும் மனிதராகக் காணும் அன்பு. ஆனால் இழைத்த தவறு ஒப்புக்கொள்ளப்படாத இடத்தில், மன்னிக்கும் கடமையைப் பாதிக்கப்பட்டவர் மீது மட்டும் சுமத்துவது மைத்திரி ஆகாது. அது பழைய அடிமைத்தனத்தின் புதிய பெயர்.

நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. வருபவர் நாம் சமைத்ததை உண்ணட்டும். அதை உண்டதாகத் தம் தெருவிலும் சொல்லட்டும். இணக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.