உழைப்பின்போது தடுமாறும் இருதயத் துடிப்பு

ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் இருதயம் நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. ஓடினாலும் சுமை தூக்கினாலும் இவ்வேகம் மிகும். வலது மேலறையிலுள்ள சிறியதொரு திசுத் திரள் மின் துடிப்புகளை எழுப்பி, அறைகள் முறைப்படி சுருங்குமாறு செய்கிறது. உழைப்பின்போது பரிவு நரம்புகளும் அட்ரினலினும் அத்திரளை விரைவுபடுத்துகின்றன. வேகம் மாறுகிறதேயன்றி ஒழுங்கு மாறுவதில்லை.

நோயுற்ற இருதயத்தில் நிலைமை வேறு. மாரடைப்புக்குப் பின் ஆறிய தசையில் தழும்பு எஞ்சுகிறது. தழும்பினூடே உயிரோடிருக்கும் நார்களில் மின்னோட்டம் மெதுவாகச் செல்லும். வளைந்து வந்து, புறப்பட்ட இடத்தையே மீண்டும் தூண்டவுங் கூடும். ரத்தக் குழாய் குறுகியிருப்பின், உழைப்பு வேண்டும் ஆக்ஸிஜன் தசைக்குக் கிட்டுவதில்லை. அந்நிலையில் கீழறையின் ஏதோ ஒரு பகுதி முந்திக்கொண்டு தானே துடிப்பை எழுப்புகிறது. இத்தகைய முன்துடிப்புகள் ஒன்றிரண்டாயின் அஞ்ச வேண்டுவதில்லை. நலமுள்ளோரிடமும் அவை உண்டு. தொடர்ந்து விரைந்து வருமாயின், கீழறைகள் ரத்தத்தால் நிரம்புமுன்னரே சுருங்குகின்றன. மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்து மயக்கம் நேருகிறது. இந்நிலை முற்றினால் கீழறைகள் சுருங்காது வெறுமனே நடுங்கும். அப்பொழுது நாடி இராது.

இக்கோளாறு ஓய்வு நிலையில் எடுக்கும் மின் வரைபடத்தில் புலப்படாமற் போகலாம். எனவே நோயாளியை நடக்கவிட்டே வரைபடம் எடுக்கின்றனர். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறையில், ஓடும் பட்டையின் வேகமும் சரிவும் 3 நிமிஷத்திற்கு ஒரு முறை உயர்த்தப்படும். முதற்கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம். ஏறத்தாழக் கோயில் பிராகாரத்தைச் சுற்றும் நடை. ஆயினும் 10 சதவீதச் சரிவு உண்டு.

உழைப்பு நின்ற பின்னரும் அபாயம் தீர்வதில்லை. கிளீவ்லாந்து நகரில் 29,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வில், ஓய்வுக்குத் திரும்பும்போது அடிக்கடி முன்துடிப்பு கண்டவர்களில் 11 சதவீதத்தினர் 5 ஆண்டுகளில் இறந்தனர். அவ்வாறு காணாதவர்களில் 5 சதவீதத்தினரே இறந்தனர். பயிற்சியின்போது தோன்றிய முன்துடிப்பைக் காட்டிலும் இதுவே வலிய அறிகுறி எனத் தெரிந்தது. இருதயத்தை அடக்கி ஆளும் வேகஸ் நரம்பு உரிய நேரத்தில் மீண்டும் செயற்படாமையே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பயிற்சியைத் திடீரென நிறுத்தாது, சில நிமிஷம் மெதுவாக நடந்து முடிப்பதே நன்று.

பயிற்சியே கூடாதென விலக்குவது தவறு. மாரடைப்பிலிருந்து தேறியோர் மருத்துவர் யோசனைப்படி படிப்படியாக உழைப்பை மிகுப்பதால் நன்மை அடைகின்றனர். அவர்களுள் துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்போர்க்கு நாடி வேகம் மிகாது. நாடியை மட்டும் எண்ணி உழைப்பை அளந்தால் அவர் மிஞ்சி உழைக்க நேரிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிது.

பள்ளி ஆசிரியர் ஒரு வேற்றுமையை அறிந்திருத்தல் வேண்டும். காலைப் பிரார்த்தனையில் நெடுநேரம் நின்று மயங்கும் மாணவன் பெரும்பாலும் படுக்கவைத்ததும் தேறிவிடுவான். ஓடிக்கொண்டிருக்கையிலேயே மயங்கி வீழ்ந்தவன் அவ்வாறல்லன். பிறவியிலேயே இருதயத் தசை தடித்தோ, மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டோ இருக்கலாம். அவனைச் சோம்பேறி என்று கடிந்து மறுபடியும் ஓடவிடாமல், மின் வரைபடம் எடுக்கக்கூடிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அவன் குடும்பத்தில் இளவயதில் திடீரென மாண்டவர் உண்டா என்ற கேள்வியையும் கடிதத்தில் எழுதியனுப்பினால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

வீழ்ந்தவர் அசைவற்று, இயல்பான மூச்சின்றி இருப்பின், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே மார்பின் நடுவெலும்பை நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை, பெரியவர்க்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். நாடியைத் தேடிக் காலங் கழித்தல் ஆகாது.