அடைவு வைக்காத ஒரு நத்தார்

மார்கழி பிறந்துவிட்டால் வயல் பச்சையாக இருக்கும். வீட்டுப் பெட்டி வெறுமையாக இருக்கும். விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் தையிலும் மாசியிலும்தான் களத்துக்கு வரும். உழவுக்கும் விதைக்கும் பசளைக்கும் கையிலிருந்த காசு போய்விடும். விளைச்சலோ இன்னும் கைக்கு வந்திராது. சரியாக இந்த இடைவெளிக்குள்தான் நத்தார் வருகிறது.

பிள்ளைகளுக்கு உடுப்பு வேண்டும். பலகாரம் வேண்டும். வீட்டுக்கு வருவோரை வெறும் வாயோடு அனுப்பமுடியாது. எனவே அம்மாவின் காதில் அல்லது கழுத்தில் கிடப்பது அடைவுக்குப் போகிறது. நகை இல்லாத வீடுகள் வட்டிக்கு வாங்குகின்றன. நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 30,000 ரூபா எடுத்தால் மாதம் 1,500 ரூபா வட்டி. மார்கழியில் எடுத்ததைப் பங்குனியில் திருப்பும்போது வட்டி மட்டும் 4,500 ரூபா. அந்தக் கடனை அடைக்க, எல்லோரும் நெல் விற்கும் நாட்களிலேயே, விலை விழுந்திருக்கும்போதே நாமும் விற்றாகவேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வயலும் சொந்தமில்லை. விளைச்சலில் குத்தகைக்கும் ஒரு பங்கு போகவேண்டும். ஒருநாள் கொண்டாட்டத்துக்காக ஒரு போகத்தின் மிச்சத்தை முன்கூட்டியே விற்றுவிடுகிறோம்.

2018 ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்டிருந்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்கு அஞ்சி வீட்டின் பின்பக்கம் ஒளிந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கடன்கள் எல்லாம் தொழிலுக்காகப் பட்டவை அல்ல. பண்டிகைக்கும் சடங்குக்கும் பட்டவையும் அவற்றுள் இருந்தன.

அப்படியானால் நத்தாரைச் சுருக்கிக்கொள்ளும்படி சொல்கிறோமா? இல்லை. எத்தனையோ இழந்த குடும்பங்களிடம் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எமக்கு வாய் வராது. நத்தாரை நன்றாகக் கொண்டாடுவோம். ஆனால் காசால் அல்ல, முன்கூட்டிய திட்டத்தாலும் கைகளாலும் கொண்டாடுவோம். நத்தாருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்பதால்தான் இதை இப்போதே எழுதுகிறோம்.

ஒரு பேணி வண்டி

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. அந்த ஆண்டு நத்தாரை நாம் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், வேறு நான்கு குடும்பங்களோடு கழித்தோம். புது உடுப்பு இல்லை. நிவாரண மாவில் அம்மா சுட்ட ரொட்டிக்குப் பனங்கட்டித் துண்டு ஒன்று கிடைத்தது. ஆனால் அன்று காலை விழித்தபோது பாயின் பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. வெறும் மீன் ரின்னில், தேய்ந்த றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் பூட்டி, நாம் உறங்கிய பின் அப்பா செய்தது. அதற்குப் பின் எத்தனையோ பரிசுகள் வாங்கியிருக்கிறோம். எவை என்று நினைவில்லை. அந்த வண்டி மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைகள் விலையை நினைவில் வைப்பதில்லை. தமக்காக ஒருவர் நேரம் ஒதுக்கினார் என்பதையே நினைவில் வைக்கிறார்கள்.

வீட்டுக் கூட்டம்

முதல் வேலை, ஓர் ஞாயிறு மாலை குடும்பமாக இருந்து பேசுவது. பிள்ளைகளையும் இருத்திப் பேசுங்கள். கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் போடுங்கள்: வீட்டில் உள்ளவை, நாம் செய்யக்கூடியவை, கட்டாயம் வாங்கவேண்டியவை. முதல் இரண்டு நிரல்களையும் நிரப்பிய பின்பே மூன்றாவதுக்குப் போங்கள். அது நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும்.

மூன்றாவது நிரலுக்கு ஓர் உண்டியல் வையுங்கள். கிழமைக்கு 300 ரூபா போட்டால் 13 கிழமையில் 3,900 ரூபா சேரும். 300 முடியாவிட்டால் 100 போடுங்கள். 1,300 ரூபா வட்டியில்லாத காசு. இதில் சீனி, எண்ணெய், பிள்ளைகளின் உடுப்புத்துணி ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே துணியை மீற்றர் கணக்கில் வாங்கித் தைத்தால் தனித்தனியே வாங்குவதிலும் செலவு குறையும். தையல் தெரிந்த அயலவருக்குக் கூலியாக ஒருநாள் தோட்டவேலை செய்து கொடுக்கலாம்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நத்தார் இரவில் போத்தலுக்குப் போகும் காசையும் அந்தக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் பார்க்கும்படி எழுதுங்கள்.

கைகளால் ஆகும் பரிசுகள்

சார்வோலை இப்போதே வேண்டும். கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். புரட்டாதி வெயிலில் காயவைத்துக் கட்டி, அடுப்படிக்கு மேலே வைத்துவிட்டால் மழைநாட்களில் வீட்டுக்குள் இருந்தே இழைக்கலாம். சிறு பெட்டி, கொட்டப்பெட்டி, குழந்தைக்குக் கிலுகிலுப்பை, புத்தகப் பை என்பன எம் தாய்மாரின் விரல்களுக்குத் தெரிந்தவைதான். குட்டானில் பனங்கட்டி வைத்துக் கொடுத்தால் அதைவிட நல்ல பரிசு எது? பெரியம்மாவிடம் பேத்தி இழைக்கப் பழகினால் அதுவே இருவருக்கும் பரிசு.

சிரட்டையில் அகப்பை செய்யலாம். பழைய சேலையில் தலையணை உறையும் பொம்மையும் தைக்கலாம். எழுதாத தாள்களைப் பழைய கொப்பிகளிலிருந்து பிரித்துத் தைத்தால் பிள்ளைக்குப் புதுக்கொப்பி. வாழ்த்து மட்டைகளை விலைக்கு வாங்காமல் பிள்ளைகளே வரையட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்.

உயிருள்ள பரிசுகள்

கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் எடுக்கும். மார்கழி 3 ஆம் திகதியளவில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்தால் நத்தாரையொட்டிக் குஞ்சுகள் வெளிவரும். அடைக்கோழி இல்லாதவர் அயலவரிடம் கேட்டு, பொரித்ததில் பாதியைக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குஞ்சு; பெயர் வைப்பதும் வளர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மழைக்காலமாதலால் கூட்டின் தரை ஈரமாகாமலும் கூதல் படாமலும் பார்க்கவேண்டும். நகையை அடைவு வைப்பதைவிடக் கோழியை அடை வைப்பது மேல்: முதலாவதில் வட்டி வளர்கிறது, இரண்டாவதில் குஞ்சு வளர்கிறது.

மாரி, முருங்கைத் தடி நடவும் ஏற்ற காலம். மூன்று நான்கு அடித் தடி ஒன்றை வெட்டி, மேல்முனையில் சாணம் அப்பி, தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டால் போதும். தண்ணீர் நின்றால் அடி அழுகிவிடும். கறிவேப்பிலைக் கன்று, பப்பாசிக் கன்று, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்த கத்தரி விதை, பயற்றை விதை என்பனவும் கொடுக்கத்தக்கவை. "இது எங்கள் காணியல்லவே, ஏன் நடவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் முருங்கை விரைவில் கறிக்கு இலை தரும். திரும்பிப் போகும் நாளில் அதிலிருந்தே ஒரு தடியை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம்; மிச்சம் இடம் தந்தவருக்கு நன்றியாக நிற்கும்.

உழைப்பும் பரிசுதான். தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்கு, நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒருநாளில் வேலி அடைத்துக் கொடுத்தால் அவர் ஆண்டு முழுவதும் நிம்மதியாக உறங்குவார்.

பலகாரமும் குடிலும்

கேக் இல்லாவிட்டால் நத்தார் இல்லை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முட்டையும் பட்டரும் முந்திரிப்பருப்பும் வாங்கும் காசில் பயற்றம் பணியாரம் இரண்டு வீட்டுக்குக் காணும். சிறுபோகப் பயற்றில் ஒரு கிலோவை இன்றே எடுத்து வையுங்கள். பயற்றை வறுத்து, கோது நீக்கி, மாவாக்குங்கள். ஒரு தேங்காயின் பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்து, மிளகு, சீரகம், ஏலக்காய் இடித்துச் சேருங்கள். அரைக்கிலோ சீனியில் அல்லது பனங்கட்டியில் பாகு காய்ச்சி எல்லாவற்றையும் குழைத்து உருண்டை பிடியுங்கள். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து அதில் தோய்த்துப் பொரிக்கவேண்டும். எண்ணெய்க்கு வழியில்லாதவர் உருண்டையாகவே கொடுக்கலாம். இறுக மூடும் பேணியில் வையுங்கள். நாலைந்து குடும்பங்கள் ஒரே அடுப்பில் சுட்டால் விறகும் எண்ணெயும் மிச்சம். கதையும் சிரிப்பும் அதிகம். முதல் தட்டு அயலிலுள்ள சைவக் குடும்பத்துக்குப் போகட்டும். தைப்பொங்கலன்று அது நிறைந்து திரும்பி வரும்.

குடிலுக்கும் காசு வேண்டாம். 1223 ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்ற சிற்றூரில் அசிசி நகர் பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் ஒரு மாடும் கழுதையும்தான் இருந்தன. அவை கமக்காரன் வீட்டுப் பொருட்கள். களிமண்ணில் பிள்ளைகள் உருவங்கள் செய்யட்டும். மழைக்கு முன் நிழலில் காயவிடுங்கள். ஈர்க்கிலும் மெல்லிய கடதாசியும் நட்சத்திரக் கூட்டுக்குப் போதும். உள்ளே மெழுகுதிரி வேண்டாம், ஓலைக் கூரைக்கு அது ஆபத்து. சிறு ரோச் பல்பு வையுங்கள். சவுக்கு மரத்தைத் தறிக்காமல் ஒரு கிளையோடு நிறுத்துவோம்.

வெறுமையாய் இருக்கும் இடம்

எம்மில் பல வீடுகளில் நத்தார் மேசையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. 2009 இல் பிரிந்தவர்கள், காணாமற் போனவர்கள், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்கள். அந்த வீடுகளில் சிரிப்பைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்களின் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுங்கள்; அவர்களுக்குப் பிடித்த பலகாரத்தைச் சுட்டு யாருக்காவது கொடுங்கள். துக்கமுள்ள வீட்டுக்கு நத்தார் மாலையில் நாமே நடந்து போவோம். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெத்லகேமில் பிறந்த குழந்தையும் இடம் கிடைக்காத குடும்பத்தின் பிள்ளைதான். பிறந்து சில காலத்திலேயே எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. கடன் பட்டுத் தன்னை வரவேற்கும்படி அக்குழந்தை எவரையும் கேட்கவில்லை.

இந்த ஞாயிறே கொப்பியை எடுங்கள். மூன்று நிரல்கள் போடுங்கள். தையில் நெல் அறுக்கும்போது அது முழுவதும் உங்கள் நெல்லாக இருக்கட்டும்.