குற்றம் பிறருடையது, நட்டம் நம்முடையதா?

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாகச் செல்லும் பெருவீதியிலும், எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக ஹற்றனை நோக்கி ஏறும் வீதியிலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. தேயிலை, றப்பர்த் தோட்டத்து மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் இவ்வீதிகளின் ஓரமாகவே நடந்து செல்கின்றனர். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்போரும் உளர். எதிரே வரும் வாகனம் தடம் மாறி மோதிவிட்டால், “எல்லாம் தலைவிதி” என்று கூறி, சாரதி நீட்டும் சிறு தொகையுடன் வீடு திரும்புவோர் உண்டு. விதியின்மேல் பழி போடுமுன் சட்டம் என்ன சொல்லுகிறது என்று அறிதல் நலமன்றோ?

வாகனம் ஓட்டுவோர் பிறருக்கு விளைக்கக்கூடிய தீங்குக்குக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டுமெனப் பிரித்தானியா 1930இல் சட்டமியற்றியது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதனையே வற்புறுத்துகிறது. இதுவே மூன்றாந் தரப்புக் காப்புறுதி. வாகனச் சொந்தக்காரர் வசதியற்றவராயினும் அடிபட்டவர் வெறுங்கையுடன் நிற்கலாகாது என்பதே இதன் நோக்கம். மரணத்திற்கோ உடற்காயத்திற்கோ நீதிமன்றம் விதிக்கும் நட்டஈட்டை, சட்டத்தின் நிபந்தனைகளுக்கமைய, காப்புறுதிக் கம்பனி செலுத்தக் கடமைப்பட்டுள்ளது.

இவ்வுரிமையைப் பெறச் சில கருமங்களை உடனே ஆற்றுதல் வேண்டும். வாகனத்தின் இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதிக் கம்பனியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. கண்டவர்களின் பெயர்களையும் மறவாதீர். காயம் சிறிதாயினும் வைத்தியரிடம் காட்டிச் சான்று பெறுக. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்க. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுதல் ஆபத்து. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகையால் தமிழில் கூறுவதற்கு நாணவேண்டியதில்லை.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி தண்டப்பணம் கட்டியதும் வழக்கு முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அப்பணம் அரசைச் சேர்வது. காயப்பட்டவரின் கூலி இழப்பையும் மருந்துச் செலவையும் அது ஈடு செய்யாது. நட்டஈட்டிற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியே வழக்குத் தொடுக்கலாம். ஆயின் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் அதனைத் தொடுத்தாக வேண்டும். வழக்குத் தொடுக்குமுன்போ, தொடுத்த ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் கொடுத்தல் அவசியம். இதனைத் தவறவிட்டால், தீர்ப்புக் கிடைத்தும் கம்பனியிடம் பணம் பெற முடியாமற் போகலாம்.

சேதமுற்றது நம் வாகனமாயின், முழுக் காப்புறுதி பெற்றவர் தம் கம்பனியிடமே முதலிற் கோரலாம். பணம் கொடுத்த கம்பனி, குற்றமிழைத்தவரிடமிருந்து அதனை அறவிட முயலும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர் எதிர்த்தரப்பாரிடமே கோருதல் வேண்டும். எவ்வகையாயினும், சேதத்தைப் படமெடுத்து, மதிப்பீட்டாளர் பார்வையிடுமுன் திருத்த வேலை தொடங்காதிருப்பது நன்று.

வீதியோரத்திற் செய்யும் சமாதானத்தில் மற்றோர் அபாயமும் உண்டு. இடுப்பிற் பட்ட அடி இன்று வீக்கமாய்த் தோன்றி, சில மாதங்களின் பின் கூடை சுமக்க இயலாத வலியாக மாறலாம். “இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று அன்று இட்ட கையொப்பம் அப்பொழுது குறுக்கே நிற்கும். எனவே சட்டத்தரணி ஒருவரை, அல்லது வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கலந்தாலோசித்த பின்னரே கையொப்பமிடுக. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்; காலத்தோடு அழவும் வேண்டும்.