ஒரே ஒரு பருவம் ஆடிய கழகம்

வெற்றி பெற்றவர்களின் கதையை உலகம் தானாகவே நினைவில் வைத்துக்கொள்கிறது. தோற்றவர்களை மறந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால், தோற்ற காரணத்தாலேயே அறுபது ஆண்டுகளாக மறக்கப்படாமல் இருக்கும் கால்பந்தாட்டக் கழகம் ஒன்று ஜெர்மனியில் உண்டு. பெர்லின் நகரத்து டாஸ்மேனியா 1900 என்பது அதன் பெயர். 1965-66ஆம் ஆண்டுப் பருவத்தில், அந்நாட்டின் முதல் பிரிவாகிய புண்டஸ்லீகாவில் அது ஆடிய 34 ஆட்டங்களைப் பற்றியே இங்கு சொல்லப் போகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவுக்கும் பெர்லினுக்கும் என்ன உறவு? கழகத்தை 1900இல் தோற்றுவித்த இளைஞர்களுள் சிலர் அத்தீவுக்குக் குடிபெயர எண்ணியிருந்தார்கள் என்றும், அந்த ஆசையே பெயராயிற்று என்றும் சொல்லப்படுகிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நேயர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

புண்டஸ்லீகா 1963இல் பதினாறு கழகங்களுடன் தொடங்கியது. ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றுடனும் சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் ஆட வேண்டும். கொல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு லீக் பந்தயம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. பட்டியலின் அடியில் நிற்கும் இரண்டு கழகங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

பெர்லினின் இடம் தொடக்கத்தில் ஹெர்த்தா கழகத்துக்குக் கிடைத்திருந்தது. 1961இல் எழுந்த சுவர் மேற்கு பெர்லினை ஒரு தீவு போல் ஆக்கிவிட்டது. அங்கே வந்து ஆட நல்ல ஆட்டக்காரர்கள் தயங்கினார்கள். ஆகவே, விதி அனுமதித்த தொகைக்கு மேல் ஹெர்த்தா மறைவாகப் பணம் கொடுத்தது. அது வெளிப்பட்டதும், 1965இல் அக்கழகம் முதல் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது.

இனி பெர்லினுக்கு இடமே இல்லையா? பிளவுபட்ட நாட்டில் அந்நகரம் விடுபட்டுப் போவதை மேற்கு ஜெர்மானியக் கால்பந்தாட்டச் சங்கம் விரும்பவில்லை. பெர்லின் வட்டாரப் பிரிவில் முதலாவதாக வந்த டென்னிஸ் பொருசியா, தகுதிச் சுற்றில் ஏற்கெனவே தோற்றிருந்தது. இரண்டாவதாக வந்த கழகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூன்றாவதாக வந்த டாஸ்மேனியா சம்மதித்தது. பருவம் தொடங்க இரண்டே வாரங்கள் இருந்தன. விடுமுறைக்குப் போயிருந்த ஆட்டக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று.

டாஸ்மேனியாவை ஏதும் அறியாதவர்களின் கூட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 1959, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் பெர்லினின் சாம்பியன் அதுவே. ஆனால் ஊர்ப் பந்தயத்தின் வலிமை வேறு, நாட்டுப் பந்தயத்தின் வலிமை வேறு. தேசியக் குழுவில் புகழ்பெற்ற ஹோர்ஸ்ட் ஷிமானியாக்கை இத்தாலியிலிருந்து வரவழைத்தார்கள். ஒருவர் வந்தால் போதுமா? அதே ஆண்டில் தகுதிச் சுற்றில் வென்று மேலே வந்த இரு கழகங்கள் எவை தெரியுமா? பயர்ன் முனிக்கும் பொருசியா மூன்ஷன்கிளாட்பாக்கும். அவை வென்று வந்தன; டாஸ்மேனியா அழைத்து வரப்பட்டது. வேறுபாடு அதில்தான்.

தொடக்கம் என்னவோ அற்புதமாக இருந்தது. 1965 ஆகஸ்டு 14 அன்று, ஒலிம்பிக் அரங்கில் 81,000 பேருக்கு மேல் கூடினார்கள். கார்ல்ஸ்ரூ குழுவை டாஸ்மேனியா 2-0 என்று வென்றது. அந்த மாலையில் பெர்லின்வாசிகள் என்னென்ன கனவு கண்டிருப்பார்களோ!

அதன் பின் 31 ஆட்டங்களில் வெற்றி என்பதே இல்லை. கூட்டம் கரைந்தது. 1966 ஜனவரி 15 அன்று மூன்ஷன்கிளாட்பாக்குடன் ஆடியபோது, அதே மாபெரும் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் 827 பேர். 2020இல் தொற்றுநோயின் பொருட்டு அரங்குகள் மூடப்படும் வரை, புண்டஸ்லீகாவில் அதற்குக் குறைந்த கூட்டம் இருந்ததில்லை. கடுங்குளிரில் வந்திருந்த அந்த 827 பேரும் ஏமாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. டாஸ்மேனியாவுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. மார்ச் 26 அன்று வந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. மைடெரிஷ் குழு சொந்த மண்ணிலேயே அவர்களை 9-0 என்று வீழ்த்தியது.

இரண்டாவது வெற்றி மே 21 அன்று வந்தது. தங்களைப் போலவே கீழே இறங்கவிருந்த நாய்ன்கிர்ஷன் குழுவை 2-1 என்று வென்றார்கள். அதனால் பயன் எதுவும் விளையவில்லை. இருந்தும், எதற்கும் உதவாத ஓர் ஆட்டத்தை வெல்வதற்காக ஓடிய அந்தப் பதினொருவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மொத்தக் கணக்கு இது: 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி, அடித்த கோல் 15, வாங்கிய கோல் 108, புள்ளி 8. ஹெர்த்தா 1968இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. டாஸ்மேனியா திரும்பவே இல்லை. 1973இல் கடன்பட்டு முறிந்தது. அதே பெயரைத் தாங்கி அவ்வாண்டே தோன்றிய புதிய கழகம் கீழ்ப் பிரிவுகளில் ஆடி வருகிறது.

2020ஆம் ஆண்டில் அந்தப் பெயர் மீண்டும் நாளேடுகளில் அடிபட்டது. ஏழு முறை ஜெர்மன் சாம்பியனான ஷால்க்க கழகம், தொடர்ந்து 30 ஆட்டங்களில் வெற்றி காணவில்லை. இன்னும் ஓர் ஆட்டம் தவறினால், டாஸ்மேனியாவின் 31 என்ற எண்ணுக்கு அது சமமாகிவிடும். 2021 ஜனவரி 9 அன்று ஹோஃபன்ஹைம் குழுவை ஷால்க்க 4-0 என்று வென்று தப்பித்தது. ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் கீழே இறங்கியது.

இதில் ஒரு விந்தை. 1965இல் பட்டியலின் கடைசியில் நின்று, இறங்க வேண்டியிருந்த கழகம் அதே ஷால்க்கதான். லீகைப் பதினெட்டுக் கழகங்களாக விரிவாக்கியபோது, டாஸ்மேனியாவுக்கு இடம் கொடுத்த அதே ஏற்பாட்டில் அதுவும் முதல் பிரிவில் தங்கிவிட்டது.