எம் கையால் ஒட்டும் பெயர்கள்: சுவிஸ் முந்திரிகையும் வைனும்



சுவிஸ் என்றதும் எல்லோருக்கும் மணிக்கூடு, சொக்கிளேற், சீஸ், பனிமலை, வங்கி என்பன நினைவுக்கு வரும். வைன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வைன் என்றால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இத்தனைக்கும் நாங்கள் வேலை செய்வது வைனைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில்.

வலே மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அத்தொழிற்சாலையில் நாங்கள் ஆறு தமிழர்கள். கழுவிய போத்தல்கள் பெல்ற்றில் வரும். இயந்திரம் நிரப்பும், மூடும், லேபல் ஒட்டும். கோணலாக ஒட்டியதை நாங்கள் எடுத்துக் கையால் திருத்துவோம், பெட்டியில் அடுக்குவோம். எங்களில் மூத்தவருக்கு இது பதினொராவது வருடம்.

சென்ற வருடம் அறுவடைக் காலம் முடிந்ததும் தொழிற்சாலையில் சிறிய விருந்து ஒன்று வைத்தார்கள். அப்போது எங்கள் மேற்பார்வையாளர், "இத்தனை வருடம் ஒட்டுகிறீர்களே, இவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஒருவர் "வெள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் ஒருவர் பத்து வருடம் புகையிலைத் தோட்டத்தில் நின்றுவிட்டு, "பச்சை இலை" என்று மட்டும் சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

அன்றுதான் தெரிந்துகொள்வது என்று முடிவெடுத்தோம். எங்களோடு முன்பு பாரந்தூக்கி ஓட்டிப் பென்சனில் போன சுவிஸ்காரப் பெரியவர் ஒருவருக்கு மலைச்சரிவில் கொஞ்சம் முந்திரிகைத் தோட்டம் இருந்தது. எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு வரும். "ஒரு சனிக்கிழமை பழம் ஆய வாருங்கள், அங்கே வைத்துச் சொல்லித் தருகிறேன்" என்றார். இக்கட்டுரையில் நாங்கள் எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டது, மீதி நூலகத்தில் தேடிப் படித்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடியுங்கள் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. இரவு வேலை முடிந்து தனியறையில் போத்தலோடு இருந்து குடும்பத்தையும் உடம்பையும் தொலைத்தவர்கள் எம்மவரில் உண்டு. பெற்றோர் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். இந்நாட்டுச் சட்டப்படி 16 வயதிலேயே வைனும் பியரும் வாங்கலாம். திசினோ மாநிலத்தில் மட்டும் 18. ஆகவே பிள்ளைகளோடு நாமே முந்திக் கதைப்பது நல்லது.

ஏன் வெளியில் தெரியவில்லை?

சுவிஸில் ஏறக்குறைய 14,500 ஹெக்டேயர் நிலத்தில் முந்திரிகை பயிராகிறது. அதில் மூன்றிலொரு பங்கு எங்கள் வலே மாநிலத்தில். அடுத்தது வோ. பிறகு ஜெனீவா, திசினோ, நொய்சாத்தல், ஜேர்மன் மொழி மாநிலங்கள். இருநூறுக்கு மேற்பட்ட இனப் பழங்கள் இந்தச் சின்ன நாட்டில் உண்டு.

அப்படியானால் உலகம் ஏன் அறியவில்லை? காரணம் சுவையல்ல. இங்கு செய்யும் நூறு போத்தலில் ஒன்றளவுதான் நாட்டைவிட்டு வெளியே போகிறது. மிச்சத்தை இவர்களே குடித்துவிடுகிறார்கள். அதுவும் போதாமல், குடிப்பதில் மூன்றில் இரண்டு பங்களவை வெளிநாட்டிலிருந்து இறக்குகிறார்கள். மற்றக் காரணம் செலவு. தோட்டங்கள் செங்குத்தான சரிவில் படிபடியாக இருக்கின்றன. பல இடங்களில் உழவு இயந்திரம் ஏறாது. பழப்பெட்டிகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டியில் இறக்குகிறார்கள். சில இடங்களில் மருந்து அடிக்க ஹெலிகொப்ரர் வருகிறது. இந்தக் கூலியைப் போட்டு விற்றால் பிரான்சின் மலிவு வைனோடு எப்படிப் போட்டி போடுவது?

பெயரும் பழமும்

இனி நாங்கள் ஒட்டிய பெயர்களுக்கு வருவோம்.

வெள்ளை வைனில் முதலிடம் சாசலா என்னும் பழத்துக்கு. வலேயில் இதற்கு ஃபொந்தொன் என்று பெயர். பிரெஞ்சில் பிளத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது. பெரியவர் ஒரு பழத்தை விரல்களுக்கிடையில் வைத்து அமத்திக் காட்டினார். சாறு தெறிக்கவில்லை, பழம் பிளந்தது. பத்து வருடம் ஒட்டிய பெயரின் அர்த்தம் ஒரு நிமிடத்தில் விளங்கியது. சாசலா எகிப்திலிருந்து வந்தது, துருக்கியிலிருந்து வந்தது என்று பல கதைகள் இருந்தன. 2009இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, அது ஜெனீவா ஏரியைச் சுற்றிய இந்தப் பகுதியிலேயே பிறந்திருக்கலாம் என்று காட்டியது. இதன் சுவை மிக மெல்லியது. கெட்ட கோர்க் அடைப்பு சிறிது மணத்தாலும் உடனே தெரிந்துவிடும். அதனால்தான் 1970களில் இருந்தே இங்கே திருகு மூடிக்கு மாறத் தொடங்கினார்கள். எங்கள் பெல்ற்றில் திருகு மூடி அதிகம் வருவதன் காரணம் இதுதான்.

பெத்தித் ஆர்வீன் வலேக்கே உரிய பழம். பிந்திப் பழுக்கும். அதன் வைனைக் குடித்தபின் நாக்கில் மெல்லிய உப்புச் சுவை நிற்கும் என்பார்கள். அமீஞ் இன்னும் அரியது. உலகில் உள்ள அமீஞ் கொடிகளில் பெரும்பகுதி வெத்ரோ என்ற ஊரைச் சுற்றியே இருக்கிறது. அந்த ஊர்ப் போத்தலில் தேனீப் படம் இருக்கும். ஒரு தேனீ என்றால் இனிப்பில்லை, இரண்டு என்றால் கொஞ்சம் இனிப்பு, மூன்று என்றால் நல்ல இனிப்பு. நாங்கள் அதை வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தோம்.

உமாஞ் என்ற வெள்ளைப் பழத்தின் பெயர் 1313ஆம் ஆண்டு எழுத்து ஆவணமொன்றிலேயே இருக்கிறது. ஹைடா என்ற பழம் விஸ்பர்தெர்மினென் கிராமத்தில் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,150 மீற்றர் உயரம்வரை ஏறி நிற்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள முந்திரிகைத் தோட்டங்களில் அதுவும் ஒன்று.

சிவப்பில் பீனோ நுவார் நாடு முழுவதும் உண்டு. அதனோடு கமே பழத்தைச் சேர்த்துச் செய்வதுதான் வலேயின் டோல். திசினோவில் எங்கும் மெர்லோ. கோர்னலான் என்ற வலேயின் பழைய சிவப்புப் பழம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழிந்துபோகும் நிலைக்கு வந்தது. அது அடம்பிடிக்கும் கொடி. ஒரு வருடம் அள்ளித் தரும், மறு வருடம் கையை விரிக்கும். சிலர் விடாமல் தேடி எடுத்து நட்டதால் இன்று மீண்டும் போத்தலில் வருகிறது.

லேபலில் உள்ளதெல்லாம் சரியென்றும் சொல்லமுடியாது. துர்காவ் மாநிலத்தவரான ஹெர்மன் முல்லர் 1882இல் ஜேர்மனியில் ஒரு புதுப் பழத்தை உருவாக்கினார். ரீஸ்லிங், சில்வானர் இரண்டையும் கலந்தது என்று நம்பப்பட்டது. மரபணுவைப் பார்த்தபோது சில்வானர் அதில் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் இங்கே இன்றும் ரீஸ்லிங்-சில்வானர் என்றே ஒட்டுகிறார்கள்.

வேர் ஒரு நாடு, கொடி ஒரு நாடு

பழம் ஆய்ந்துகொண்டிருக்கும்போது எங்களில் ஒருவர், கொடியின் அடியில் கணுப்போல வீங்கியிருப்பது நோயா என்று கேட்டார். அது ஒட்டுப்போட்ட இடம் என்றார் பெரியவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவகைப் பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் முந்திரிகை வேர்களை அரித்துத் தின்றது. 1874இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஊர்க் கொடியை ஒட்டியதுதான் கடைசியில் கைகொடுத்த வழி. இன்று இந்நாட்டுக் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை அந்நிய வேரில்தான் நிற்கின்றன. ஆனாலும் பழம் ஊர்ப் பழம், சுவை ஊர்ச் சுவை. இதைக் கேட்டுவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகு எங்கள் ஊர் முந்திரிகைப் பந்தலைப் பற்றி அவருக்குச் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் பனிக்காலம் இல்லை, கொடி உறங்குவதில்லை, கத்தரித்துவிட்டால் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும் என்றதும் அவர் கண்களை அகல விரித்தார். "எனக்கு ஒரு தடவைதான். அதுவும் பனி விட்டுவைத்தால்" என்றார். 2021 வசந்தத்தில் உறைபனி தளிர்களைக் கருக்கியது. பின்னர் மழையும் பூஞ்சணமும் வந்தன. அந்த வருடம் நாடு முழுவதிலும் கிடைத்தது 6 கோடி லீற்றர் அளவுதான். 1957க்குப் பின் மிகக் குறைந்த விளைச்சல். எங்கள் தொழிற்சாலையில் பெல்ற் நின்றுநின்று ஓடிய காலம் அது. ஏன் வேலை குறைந்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

யாருடைய கைகள்?

ஜெனீவா ஏரிக்கரையில் லவோ என்னும் இடத்தின் படித்தோட்டங்களை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மத்திய காலத்துத் துறவிகள் தொடக்கிய வேலை அது. அங்கே மூன்று சூரியன் என்பார்கள். ஒன்று வானத்துச் சூரியன், இரண்டாவது ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், மூன்றாவது பகலில் சூடேறி இரவில் வெப்பம் விடும் கல்மதில். அந்த மதில்களைக் கட்டியதும் திருத்தியதும் கைகள்தான்.

பக்கத்து ஊரான வெவேயில் 1797 தொடக்கம் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை என்ற கணக்கில் பெருவிழா நடக்கிறது. கடைசியாக 2019இல் நடந்தது. தோட்டம் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு எடுக்கும் விழாவல்ல அது. பிறருடைய தோட்டத்தைக் கூலிக்குப் பராமரிக்கும் தொழிலாளர்களில் சிறந்தவர்களுக்கு முடிசூட்டும் வழக்கத்திலிருந்து வளர்ந்த விழா. இதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் எல்லாக் கைகளுக்கும் முடி சூட்டப்படவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், யூகோஸ்லாவியா நாடுகளிலிருந்து வந்த பருவகாலத் தொழிலாளர்கள் கட்டட வேலையோடு தோட்ட வேலையும் செய்தார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும் இருக்கலாம். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. சிலர் பிள்ளைகளை இரகசியமாகக் கொண்டுவந்து, சத்தம் வெளியில் கேட்காமல் அறைக்குள் வைத்து வளர்த்தார்கள். அந்தச் சட்டம் 2002இல்தான் இல்லாமல் போனது. குடும்பத்தைக் கூப்பிடக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். ஆகவே இதை நாங்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பெரியவரின் எட்டுப் பரப்பு

மத்தியானம் கொடிக்கடியில் இருந்து பாணும் சீஸும் சாப்பிட்டோம். நாங்கள் கொண்டுபோன கட்லற்றை அவர் நான்கு எடுத்தார். அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். தகப்பனின் காணி சகோதரங்களுக்குப் பிரிந்து அவர் பங்குக்கு இவ்வளவுதான் வந்தது. பிள்ளைகள் இருவரும் சூரிச்சில். அவர்களுக்கு இதில் விருப்பமில்லை. ஃபொந்தொனை வாங்குவோரும் வரவரக் குறைகிறார்கள். முழங்கால் நோவுடன் இன்னும் ஒரு பனிக்காலம் கத்தரிக்கலாம், அதன்பின் கொடிகளைப் பிடுங்கிவிடுவதுதான் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார்.

எங்களுக்கு ஊர்க் காணிகள் நினைவுக்கு வந்தன. பார்க்க ஆளில்லாமல் பற்றை மூடின காணி எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களில் இளையவர் கேட்டார்: "அண்ணை, கத்தரிக்கிறது அவ்வளவு கஷ்டமோ?" மூத்தவர் ஊரில் தகப்பனோடு பந்தல் பார்த்தவர். "கஷ்டமில்லையடா தம்பி. எந்தக் கண்ணை விடுறது, எந்தக் கண்ணை வெட்டுறது எண்டு தெரிஞ்சால் சரி" என்றார்.

இந்த மாசியில் நாங்கள் மூன்று பேர் சனிக்கிழமைகளில் போனோம். பெரியவர் கதிரை ஒன்றில் இருந்து, "அதுவல்ல, அடுத்த கண்" என்று சொல்லச் சொல்ல வெட்டினோம். முதல் நாள் கை விறைத்துக் கத்தரிக்கோல் பிடிக்கமுடியவில்லை. நான்காவது கிழமை அவர் பேசாமல் இருந்தார். சரியாகச் செய்கிறோம் என்று விளங்கிக்கொண்டோம். கொடியைப் பிடுங்குவதை அவர் ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார். அதற்கு மேல் எங்களாலும் ஒன்றும் சொல்லமுடியாது.

இப்படி உதவப்போக விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவும். ஒரு நாள் பழம் ஆய்வதும் சட்டப்படி வேலைதான். 'எஃப்' அட்டை உள்ளவர்களை வேலைக்கு எடுப்பவர் முன்கூட்டி அறிவித்தால் போதும். 2019 முதல் அப்படி. 'என்' அட்டைக்கு மாநில அனுமதி வேண்டும். எங்கள் பெரியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தார்.

வாசகர்களே, நீங்கள் இருக்கும் ஊரிலும் ஏதோ ஒன்று விளையும். அதன் பெயர் என்ன, யார் நட்டது, யார் பறிக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப்பாருங்கள். அறிந்ததை இப்பக்கத்துக்கு எழுதியனுப்புங்கள்.

அடுத்த விருந்தில் மேற்பார்வையாளர் அதே கேள்வியைக் கேட்பாரோ தெரியாது. கேட்டால் ஆறு பேரிடமும் ஆறு பதில் இருக்கிறது. எங்களில் ஒருவர் குடிப்பதேயில்லை. அவருக்குப் பிடித்தது கோர்னலான். ஏன் என்று கேட்டால், "அழியப் பார்த்தது, அழியவில்லை" என்கிறார்.